எண்ணெய் போட்ட ஸ்டூல்

அப்பாவின் வருஷப் பூசை முடிந்த மறுநாள் நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்து வீட்டுச் சாமான்களைப் பங்கு பிரித்தோம். மூன்று பேர் என்றால் அண்ணன், அக்கா, கடைசியாக நான். பங்கு பிரிக்கிற இடத்தில் மண்டை உடைந்த கதைகளை எங்கள் தெருவில் நிறையவே கேட்டிருந்ததால், என் வீட்டுக்காரர் சாகுபுரம் ஃபேக்டரியில் ஷிப்டை மாற்றிப் போட்டுக்கொண்டு காவலுக்கு வந்து நின்றார். பாவம், அவருக்கு வேலையே இல்லை. வீடு அண்ணனுக்கு என்றேன், இரண்டு பேரும் சரி என்றார்கள். அம்மா விட்டுப்போன நகையை எடுத்து வைத்தால், "நீ போட்டுக்கோளா", "எனக்கு எதுக்கு, நீ வச்சுக்கோக்கா" என்று பந்து விளையாடினோம். வெண்கலப் பானையைக் கேட்க ஆளே இல்லை. மதியச் சாப்பாட்டுக்கு முன்பே எல்லாம் முடிந்து, வீட்டுக்காரர் மீன் குழம்பு வாசம் பிடித்துக் குசினிப் பக்கம் போய்விட்டார். அப்போதுதான் மூலையில் நின்ற ஸ்டூல் கண்ணில் பட்டது.

அந்த ஸ்டூலுக்குத்தான் சண்டை வந்தது.

ஸ்டூல் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துவிட வேண்டாம். வட்டமான தேக்குப் பலகை. உட்கார்ந்து உட்கார்ந்து நடுவில் குழிந்து தோசைக்கல் மாதிரி ஆகிவிட்டது. அதற்குக் கீழே தடியான இரும்புத் திருகு. கீழே வர வர விரிந்து நிற்கிற நான்கு இரும்புக் கால்கள், பாதம் வைத்துக்கொள்ள ஒரு வளையம். பலகையை ஒரு பக்கம் சுற்றினால் மேலே ஏறும், மறுபக்கம் சுற்றினால் இறங்கும். எங்கள் ஊரில் புதுத் துறைமுகம் கட்டிக்கொண்டிருந்த காலத்தில் அப்பா அங்கே டிராயிங் ஆபீஸில் வேலை பார்த்தார். இன்ஜினியர்கள் போட்ட படத்தின் மேல் மெல்லிய தாளை விரித்து மையால் நகல் எடுக்கிற வேலை. உயரமான சாய்வு மேசை, அதற்கு ஏற்ற ஸ்டூல். பிறகு ஆபீஸுக்குப் புது நாற்காலிகள் வந்தபோது பழையதையெல்லாம் ஏலம் போட்டார்கள். அப்பா போய், தான் உட்கார்ந்த ஸ்டூலைத் தானே ஏலத்தில் எடுத்து, சைக்கிள் கேரியரில் தலைகீழாகக் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். "ஆபீஸ்ல உக்காந்தது பத்தாதுன்னு வீட்டுலயும் வந்து உக்காரணுமாக்கும்?" என்று அம்மா கேட்டாளாம்.

அந்த ஸ்டூலுக்கு ஒரு குணம் உண்டு. திருகின் மரை தேய்ந்து போயிருந்ததால், பாரம் ஏறினால் அது தானாகச் சுற்றும். சட்டென்று இல்லை, மெதுவாக. அதில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தால், சோறு முடிந்து ரசத்துக்கு வரும்போது சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்போம். எங்கள் வீட்டுக்கு வந்த விருந்தாளிகள் பலர், தாங்களே முகத்தைத் திருப்பிக்கொண்ட மாதிரி ஆகிவிட்டதே என்று சங்கடப்பட்டிருக்கிறார்கள். நாங்கள் யாரும் காரணம் சொல்ல மாட்டோம். வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்கு ஓடுவோம்.

அப்பாதான் எங்களுக்கு முடி வெட்டுவார். அண்ணனை ஸ்டூலில் ஏற்றி, கழுத்தில் துண்டைக் கட்டி, என்னைக் கூப்பிடுவார். வெட்ட வெட்டப் பலகையைச் சுற்றிக் கொடுப்பது என் வேலை. நான் வேலையோடு நிற்பேனா? கத்தரி ஓய்ந்த நேரம் பார்த்து ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றிவிடுவேன். "போதும்ளா, புள்ளைக்குத் தலை சுத்தும்" என்பார் அப்பா. அக்கா கோவிலில் முதன்முதலாக நற்கருணை வாங்குகிற புதுநன்மைக்கு வெள்ளைக் கவுன் தைத்து வந்த அன்று, அவளை அதில் நிற்க வைத்துச் சுற்றச் சொன்னார். கவுனின் விளிம்பு எல்லாப் பக்கமும் ஒரே மட்டமாக இருக்கிறதா என்று பார்க்கணுமாம். படம் வரைகிற ஆளுக்குப் புத்தி அப்படித்தான் போகும். நான் சுற்றினேன், அக்கா மகாராணி மாதிரி நின்றாள், அப்பா அதையே சொன்னார்: "போதும்ளா, புள்ளைக்குத் தலை சுத்தும்."

இப்படி அண்ணனுக்கு ஒரு கதை, அக்காவுக்கு ஒரு கதை. இரண்டிலும் சுற்றினவள் நான். ஆனால் பங்கு பிரித்த அன்று, "ஒனக்கு வேணுமாளா?" என்று ஒரு பேச்சுக்குக்கூட யாரும் என்னைக் கேட்கவில்லை. இதை இங்கே சொல்லி வைக்கிறேன்.

"இது எனக்கு" என்று அண்ணன் ஸ்டூலைத் தொட்டார். அதே நேரம் அக்கா, "அத மட்டும் நான் கொண்டுபோறேன்" என்றாள். இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கிற ஆட்கள்தான். கொஞ்ச நேரம் போயிருந்தால் பந்து விளையாட்டு இதிலும் தொடங்கியிருக்கும். அதற்குள் அக்கா மகள், சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவள், செல்போனோடு வந்து ஸ்டூலைச் சுற்றிச் சுற்றிப் படம் பிடித்தாள். "அம்மா, இது மிட் செஞ்சுரி மாடர்ன்மா! காபி ஷாப்ல எல்லாம் இதத் தேடி அலையுதாங்க" என்றாள். அவள் படத்தை நெட்டில் ஏற்றிய சுருக்கில் புதுச்சேரியில் யாரோ ஒரு கடைக்காரர், விற்பீர்களா என்று கேட்டுவிட்டார். அதை அவள் உரக்க வாசித்தும் விட்டாள். இந்த ஸ்டூலுக்கு இங்கிலீஷில் இப்படி ஒரு பேர் இருப்பது தெரிந்திருந்தால் அப்பா அதன் மேல் ஷேவிங் சோப்பைச் சிந்தியிருக்கவே மாட்டார்.

அண்ணன் முகம் மாறிவிட்டது. "ஓகோ, விக்கதுக்குத்தான் கேக்கியா? அப்பா உக்காந்த ஸ்டூல காபி குடிக்கவனுக்குக் குடுக்கப் போறியா?"

"நான் விக்கேன்னு சொன்னேனா? எவனோ கேட்டா நான் என்ன செய்ய?"

"நீ கேக்காமலா அவன் கேட்டான்?"

"வெளிநாட்டுக் கப்பல்ல கெடந்த ஆளுக்கு இப்பத்தான் அப்பா மேல பாசம் பொங்குதாக்கும்!"

அது சொல்லியிருக்கக் கூடாத வார்த்தை. அண்ணன் இருபது வயதில் கப்பலில் ஏறியவர். அம்மா சாகும்போது அவர் எங்கேயோ நடுக்கடலில் இருந்தார். வந்து சேரும்போது எல்லாம் முடிந்துவிட்டது. அவர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். "இனிமே ஒன் வீட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன்" என்றார். "மிதிக்காதிய" என்றாள் அக்கா. மீன் குழம்பை நானும் என் வீட்டுக்காரரும் மட்டும் சாப்பிட்டோம்.

இதில் ஒன்று இருக்கிறது. அக்கா மகளுக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தது. மாப்பிள்ளை மஸ்கட்டில் வேலை. எங்கள் வீடுகளில் பெண்ணை வீட்டிலிருந்து கோவிலுக்குக் கூட்டிப்போவது தாய்மாமன்தான். மாமன் மாலை போட்டு, கையைப் பிடித்து வாசற்படி இறக்கினால்தான் அவள் கல்யாணப் பெண். அப்பா இருந்திருந்தால் எல்லாரையும் ஒரு அதட்டல் போட்டிருப்பார். அவரும் இல்லை, மாமனும் வாசலை மிதிக்க மாட்டேன் என்றாகிவிட்டது. அந்தப் பிள்ளை எனக்கு இரவும் பகலும் போன் போட்டு, "சித்தி, நான் போட்டாவ அழிச்சிட்டேன் சித்தி, மாமாட்ட சொல்லுங்க சித்தி" என்று அழுதாள்.

ஸ்டூல் யாருக்கும் இல்லை என்று முடிவாகி, எந்தப் பக்கமும் சேராதவள் என்று என் வீட்டுக்கு வந்தது. வந்ததா, நிம்மதி போனது. நடு ஹாலில் ஒரு கைதியை வைத்துக் காவல் காக்கிற மாதிரி ஆகிவிட்டது என் பிழைப்பு. அண்ணன் காலையில் போன் போடுவார்: "ஏளா, அதுல யாரும் உக்காரலல்ல?" அக்கா சாயங்காலம் போடுவாள்: "அது மேல சாமான் எதுவும் வைக்கலல்ல?" என் வீட்டுக்காரர் ஒரு நாள் ஷூவுக்குக் கயிறு கட்ட அதில் உட்கார்ந்தார். அந்த நேரம் பார்த்து அண்ணன் உள்ளே வந்தார். பெரிய கோவிலில் பீடத்தின் மேல் ஏறி உட்கார்ந்தவனைப் பார்க்கிற மாதிரி ஒரு பார்வை. மனுஷன் அன்றிலிருந்து வாசற்படியில் உட்கார்ந்துதான் ஷூ மாட்டுகிறார்.

செவ்வாய்க்கிழமை அண்ணன் வருவார், வெள்ளிக்கிழமை அக்கா வருவாள். என்னைப் பார்க்க என்று பேர். என் மூட்டு வலியை ஒருத்தரும் விசாரித்ததில்லை.

அண்ணன் கப்பலில் ஆயில்மேனாக இருந்து ரிடயர் ஆனவர். இன்ஜின் அறையில் எது கிரீச்சிட்டாலும் எண்ணெய் விடுகிற வேலை. கரைக்கு வந்தும் அந்தக் கை சும்மா இருக்காது. அவர் வந்து போனால் எங்கள் வீட்டில் இரும்புக் கேட் சத்தம் போடாது, கட்டில் சத்தம் போடாது, காற்றாடி சத்தம் போடாது. கையைத் துடைத்த கறை மட்டும் எல்லாக் கதவிலும் இருக்கும். ஒரு செவ்வாய்க்கிழமை நான் மீன் வாங்கப் போயிருந்த நேரத்தில் அவர் ஸ்டூலைக் கவிழ்த்துப் போட்டு, திருகைத் துடைத்து, எண்ணெய் விட்டு, கிரீஸ் தடவி, திருப்பி நிறுத்தியிருந்தார். "அம்பது வருசமா ஒரு பய இதுக்கு எண்ணெய் விடல. மரையெல்லாம் ஒரே அழுக்கு" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு டீ குடித்துப் போனார்.

அக்காவின் வழி வேறு. அவளுக்கு எதைப் பார்த்தாலும் உறை போட வேண்டும். அவள் வீட்டில் டிவிக்கு உறை, மிக்ஸிக்கு உறை, கேஸ் சிலிண்டருக்குச் சுருக்கம் வைத்த பாவாடை. அத்தான் ஒரே இடத்தில் ரொம்ப நேரம் உட்கார மாட்டார். அதற்கு இதுதான் காரணம் என்று நான் சொல்லுவேன். அந்த வெள்ளிக்கிழமை அவள் ஸ்டூலுக்கு ஒரு உறையோடு வந்தாள். நீலத் துணி, ஓரத்தில் ஒரு முழத்துக்கு வெள்ளை லேஸ். மாட்டினதும் பலகையும் மறைந்தது, திருகும் மறைந்தது, ஸ்டூல் புதுநன்மைக்குப் போகிற பிள்ளை மாதிரி நின்றது. "அங்கன தூசி படியுது பாரு, ஒனக்கு ஒண்ணும் தெரியாது" என்று என்னைத் திட்டிவிட்டுப் போனாள்.

இந்த நேரத்தில்தான் எங்கள் வீட்டுக்கு மாதா வருகிற முறை வந்தது. அக்டோபர் மாதம் முழுக்க எங்கள் அன்பியத்தில், அதாவது தெருக்காரர்கள் சேர்ந்து செபிக்கிற குழுவில், மாதா சொரூபத்தை வீடு வீடாகக் கொண்டுபோவோம். ஒரு வீட்டில் ஒரு நாள். சாயங்காலம் தெருவே கூடி செபமாலை சொல்லும். மறுநாள் பாட்டுப் பாடி அடுத்த வீட்டுக்கு. மாதா வருகிற வீட்டுக்கு உறவுக்காரர்கள் வராமல் இருக்க முடியாது. வராவிட்டால், மாதா வந்தும் வரவில்லையாமே என்று மீன் சந்தை வரைக்கும் பேச்சு வந்துவிடும். எனக்குச் சட்டென்று புத்தி வேலை செய்தது. ஒரே சாயங்காலம் அண்ணனும் வந்தாக வேண்டும், அக்காவும் வந்தாக வேண்டும். இரண்டு பேருக்கும் போன் போட்டுக் கூப்பிட்டேன். அடுத்தவர் வருவதைச் சொல்லவில்லை. அவர்களும் கேட்கவில்லை, தெரியாமலா இருக்கும்?

மாதாவை எதில் வைப்பது என்று பேச்சு வந்தது. டீப்பாய் ரொம்பத் தாழ்வாக இருந்தது. சாப்பாட்டு மேசை வாசலை அடைத்தது. எங்கள் அன்பியத் தலைவி குரல் பெரிய அம்மா; அவர் பேசினால் அடுத்த தெருவில் மைக் தேவையில்லை. ஹாலை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நம்ம தலைக்கு மேல இருக்கணும் மாதா. அந்தா லேஸ் போட்டு நிக்கே, அதுல வைங்க" என்றார். எனக்கும் சரி என்று பட்டது. இரண்டு பேரும் உரிமை கொண்டாடுகிற ஸ்டூலில் மாதாவே ஏறி உட்கார்ந்துவிட்டால் யார் என்ன பேச முடியும்? கண்ணாடிக் கூட்டோடு மாதா நல்ல பாரம். இரண்டு ஆண்கள் தூக்கி வைத்தார்கள். கூட்டைச் சுற்றியிருந்த சீரியல் லைட்டின் வயரைச் சுவர் பிளக்கில் மாட்டினேன்.

அண்ணன் வந்து வாசல் பக்கம் ஆண்களோடு உட்கார்ந்தார். அக்கா வந்து குசினிப் பக்கம் பெண்களோடு உட்கார்ந்தாள். நடுவில் மாதா. அண்ணன் ஸ்டூலையும் உறையையும் பார்த்துவிட்டு என்னை முறைத்தார். அக்காவும் என்னைத்தான் முறைத்தாள். அதில் மட்டும் ஒற்றுமை.

செபமாலையில் தேவரகசியம் என்று ஐந்து பகுதி. முதல் தேவரகசியத்தில் மாதா நேராக இருந்தார்கள். இரண்டாவதில் எனக்கு ஏதோ இடறியது. மாதாவின் மூக்கு கொஞ்சம் குசினிப் பக்கம் சாய்ந்த மாதிரி இருந்தது. என் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டேன். மூன்றாவதில் சந்தேகமே இல்லை. மாதா நேரே அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா அதைக் கவனித்துவிட்டாள். முதுகு நிமிர்ந்தது, முகத்தில் ஒரு வெளிச்சம், குரல் ஒரு படி ஏறிவிட்டது. அண்ணனும் கவனித்துவிட்டார். அவர் கையில் செபமாலை நின்றுபோனது. எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அறுபது வயது மனுஷன், ஆசிரியை அடுத்த பிள்ளைக்கு மிட்டாய் கொடுத்துவிட்ட மாதிரி உட்கார்ந்திருந்தார்.

அக்காவின் சந்தோஷமும் நிலைக்கவில்லை. நான்காவது தேவரகசியத்தில் மாதா அவளையும் தாண்டி, குசினிக்குள் டீயோடு கொடுக்க நான் வாங்கி வைத்திருந்த மக்ரூன் இனிப்புப் பெட்டிகளைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

அதற்குள் ஹாலில் எல்லாரும் பார்த்துவிட்டார்கள். செபம் பாதியில் மங்கியது. முன்வரிசையில் ஒரு அம்மா, "ஏசுவே, மாதா முகத்தத் திருப்புதாவளே!" என்று மார்பில் கை வைத்தார். இன்னொருவர் தேம்பினார். அன்பியத் தலைவி எழுந்து நின்றே விட்டார். "இந்த வீட்டுல மனத்தாங்கல் இருக்கு. அதான் மாதாவுக்குப் பொறுக்கல!" என்று அந்தப் பெரிய குரலில் அறிவித்தார். தெருவுக்கே தெரிந்த மனத்தாங்கல்தான்; என்றாலும் மாதாவின் பேரில் சொன்னதும் ஹாலே சிலிர்த்துவிட்டது.

எனக்கும் சிலிர்த்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த நொடியில் அண்ணன் அக்காவைப் பார்த்தார். அக்கா அண்ணனைப் பார்த்தாள். இரண்டு பேரும் ஸ்டூலைப் பார்த்தார்கள். ரசத்துக்கு வரும்போது சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த அத்தனை விருந்தாளிகளும் மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்துவிட்டார்கள்.

சிரிக்க நேரம் இல்லை. மாதா திரும்பத் திரும்ப லைட்டின் வயர் ஸ்டூல் காலில் சிக்கி இறுகிக்கொண்டே வந்திருக்கிறது. விளக்குகள் ஒரு தடவை கண் சிமிட்டின. கண்ணாடிக் கூடு லேசாகச் சாய்ந்தது. அண்ணன் அங்கிருந்து பாய்ந்தார், அக்கா இங்கிருந்து பாய்ந்தாள். அவர் மேலே கூட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். இவள் தரையில் விழுந்து லேஸைத் தூக்கித் திருகை இரண்டு கையாலும் பிடித்தாள்.

"ஏளா, விட்டுராத! மாதா வாராவ பாரு, மாதா வாராவ!"

"நீங்க மேல கெட்டியா புடிங்க அண்ணே! நான் கீழ புடிச்சிருக்கேன்!"

மாதக்கணக்கில் ஒரு வார்த்தை பேசாதவர்கள் பேசின முதல் பேச்சு அது. நான் ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினேன். மாதா நின்றார்கள்.

அக்கா கைகளைப் பார்த்தாள். இரண்டு உள்ளங்கையிலும் கறுப்பாகக் கிரீஸ். மறுபடி குனிந்து லேஸைத் தூக்கித் தேடினாள். "நூல எங்கண்ணே?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"எந்த நூலு?"

"திருகுல சுத்தியிருந்துச்சே, வலை நூலு."

"அழுக்கா என்னமோ சுத்திக் கெடந்துச்சு. பிச்சு எறிஞ்சிட்டுத்தான் எண்ணெய் போட்டேன்."

அண்ணனுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. அப்பாவுக்கு வயதான பிறகு ஒரு நாள் ஷேவிங் செய்துகொண்டிருந்தபோது ஸ்டூல் திரும்பி, கண்ணாடிக்கு முதுகு காட்டி, விழப் பார்த்தார். அன்று அக்கா கடற்கரைக்குப் போய் வலை நூல் வாங்கி வந்தாள். அப்பா பார்வை மங்கின கண்ணோடு மரைக்குள் அதைத் தானே சுற்றினார். அக்கா முனையைப் பிடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு ஸ்டூல் சாகும்வரை, அதாவது அப்பா சாகும்வரை, சுற்றவில்லை. அண்ணன் அப்போது கப்பலில் இருந்தார். அவருக்குத் தெரிந்த ஸ்டூல் சுற்றுகிற ஸ்டூல்.

"யாரு சுத்துனா அத?" என்று கேட்டார் அண்ணன். கேட்கும்போதே குரல் இறங்கிவிட்டது.

அக்காவுக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. அப்பா கையால் சுற்றினதைப் பிய்த்து எறிந்தீர்கள், அப்பா விழப்போனபோது நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று ஒரு வார்த்தை போதும். மாமன் இல்லாமலேயே அந்தப் பிள்ளை படி இறங்க வேண்டியதுதான். அக்காவின் வாயும் லேசானது இல்லை.

"அப்பாதான் சுத்துனாவ" என்றாள் அக்கா. கிரீஸ் கையை முந்தானையில் துடைத்தாள். "அதுக்கென்ன, பழைய நூலு, அது தானா அந்து போயிருக்கும். வேற சுத்திக்கிடலாம்."

அண்ணன் மாதாவைக் கட்டிப்பிடித்தபடியே நின்றார். கூட்டின் கண்ணாடியில் அவர் மூச்சு பட்டுப் பட்டு மங்கியது. மாதாவை விட்டால்தான் கண்ணைத் துடைக்க முடியும், விடவும் முடியாது. என் அக்காவை எனக்கு அந்த நேரம் அவ்வளவு பிடித்தது. அதற்குப் பிறகு அவள் என்னைத் திட்டினதையெல்லாம் அதில் கழித்துக்கொள்கிறேன்.

நான் குசினிக்கு ஓடி மக்ரூன் பெட்டியில் கட்டியிருந்த நூலை அறுத்துக்கொண்டு வந்தேன். ஆண்கள் மாதாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்கள். "இறுக்கிச் சுத்துங்க, அப்பிடி இல்ல, மரைக்குள்ள" என்று அக்கா சொல்ல, அண்ணன் சுற்றினார். நடுவில் அக்காவின் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாளோ என்று குனிந்து பார்த்தால், சிரிக்கிறாள். "மக்ரூன பாத்தாவளே மாதா" என்றாள் மூச்சுக்குள்ளே. அண்ணன் துண்டை வாயில் வைத்து இருமினார். எங்கள் பின்னால் தெருவே முழங்கால் போட்டுக் கண்ணீரோடு பாடிக்கொண்டிருந்தது. பாட்டு மட்டும் பெரிதாக இல்லாமல் இருந்திருந்தால் மானம் கப்பலேறியிருக்கும்.

செபம் முடிந்து டீ கொடுக்கும்போது அண்ணன் டம்ளரைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "கல்யாணத்தன்னைக்கு எத்தன மணிக்கு வரணும்?"

"மாமன் வாரதுக்கு நேரம் சொல்லணுமாக்கும்?" என்றாள் அக்கா. "விடியங்காட்டியே வாங்க."

மறுநாளிலிருந்து என் வீட்டுக்கு ஸ்டூலைப் பார்க்க ஆள் வர ஆரம்பித்தது. நானும் வருகிற எல்லாரிடமும், மரை தேய்ந்த கதையையும் அண்ணன் எண்ணெய் போட்ட கதையையும் தொண்டை வறளச் சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை. கடைசியில் அன்பியத் தலைவியையே பிடித்து உட்கார வைத்து, லேஸைத் தூக்கி, திருகைக் காட்டி விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். "எல்லாம் சரிளா. ஒங்க அண்ணன எண்ணெய் போடச் சொன்னது யாரு?" என்றார். லேஸை இறக்கிவிட்டேன்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் அண்ணன் வந்து ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போனார். எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்கவில்லை. எங்கே என்றும் சொல்லவில்லை. நான் காவல்காரி, அவ்வளவுதானே என்று எரிச்சலாக இருந்தது. ஹாலில் அந்த மூலை காலியாகக் கிடந்தது. என் வீட்டுக்காரர், "அப்பாடா, இனி உள்ள உக்காந்து ஷூ மாட்டலாம்" என்றார். அவரிடமும் எரிந்து விழுந்தேன்.

கல்யாணத்தன்று விடியும் முன்பே அக்கா வாசலில் ஆட்டோ நின்றது. மாலைப் பெட்டி சீட்டில் தனியாக ராஜா மாதிரி இருந்தது. அண்ணன் ஸ்டூலை மடியில் வைத்துக்கொண்டு ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். இறங்கி வாசற்படியில் ஒரு நிமிஷம் நின்றார். மிதிக்க மாட்டேன் என்று சொன்ன அதே படி. அக்கா உள்ளே இருந்து, "என்ன, ஆரத்தி எடுக்கணுமா?" என்று கத்தினாள். மிதித்து உள்ளே வந்தார்.

ஸ்டூலை நடு ஹாலில் போட்டார். உறை இல்லை, பலகையைத் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தார். மக்ரூன் நூலையும் அவிழ்த்துவிட்டிருந்தார்; சட்டைப் பையில் புது வலை நூல் ஒரு கண்டு இருந்தது. "கல்யாணம் முடியட்டும், பெறவு சுத்திக்கிடலாம்" என்றார். வெள்ளைச் சேலையில் இருந்த அக்கா மகளைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து அதில் உட்கார வைத்தார். மாலையைப் போட்டார். எட்டி நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தார், சேலையின் கரை எல்லாப் பக்கமும் ஒரே மட்டமாக இருக்கிறதா என்று. பிறகு கூட்டத்துக்குள் கண்ணால் தேடினார்.

"சின்னவ எங்க? ஏளா, அங்கன என்ன செய்யுத? நீ வராம யாரு சுத்துவா?"

இந்த ஸ்டூலில் எனக்கு ஒரு பங்கு இருக்கிறது என்று எங்கள் குடும்பத்தில் முதல் தடவையாக ஒருவர் சொன்னார். போனேன். பலகையின் விளிம்பைப் பிடித்தேன். என் கை அளவுக்கு அது எப்போதோ தேய்ந்திருந்தது. மெதுவாகச் சுற்றினேன். அண்ணன் போட்ட எண்ணெயில் ஒரு சத்தம் இல்லை. பிள்ளை எங்கள் எல்லாரையும் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வந்தாள், மாமனை, அம்மாவை, சுவரில் மாலை போட்டிருந்த தாத்தாவின் படத்தை. ஒரு சுற்று முடிந்தது. நான் வேலையோடு நிற்பேனா? கூடுதலாக இன்னொரு சுற்று விட்டேன்.

"போதும்ளா" என்றார் அண்ணன். "புள்ளைக்குத் தலை சுத்தும்."

அவருக்குத் தெரியாது, என்ன சொன்னோம் என்று. குரல்கூட அப்பாவின் அதே குரல். நானும் அக்காவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். என் கை பலகையிலேயே இருந்தது.

"என்னளா ரெண்டு பேரும் முழிக்கிய?" என்றார் அண்ணன். "கோவிலுக்கு நேரமாவுது, புள்ளைய எறக்கி விடுங்க."